‘இல்லை’ என்பதை எழுதி வாங்குங்கள்

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரை கிராமம் எங்களுடையது. கணவர் அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். எட்டு வயது மகனுக்கு ஒன்றரை வருடமாக முதல் வகை சர்க்கரை நோய். தினம் நாலு ஊசி. இன்சுலின் அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் கேட்டால் பெரும்பாலும் ‘ஸ்டாக் இல்லை’. ராத்திரி தூக்கத்திலேயே சுகர் இறங்கிவிடுகிறது, அவனுக்கே தெரிவதில்லை. குத்தாமலே சுகரைக் காட்டும், கையில் ஒட்டும் சென்சார் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். 14 நாளுக்கு ஒன்று மாற்ற வேண்டுமாம். வெளியில் வாங்க எங்களால் ஆகாது. ‘அதெல்லாம் அரசாங்கம் தராது’ என்கிறார்கள். காப்பீட்டு அட்டையும் செல்லாதாம். சட்டப்படி கேட்க முடியுமா? பள்ளியிலும் வகுப்பில் விரலில் குத்திப் பார்க்கக் கூடாது என்கிறார்கள்.

பதில்: கேட்க முடியும், சகோதரி. ஆனால் இதுவரை நீங்கள் கேட்டதெல்லாம் கவுன்டரில் நின்று வாயால் கேட்டது. அவர்கள் மறுத்ததும் வாயால்தான். நீதிமன்றக் கணக்கில் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை, அவர்களும் மறுக்கவே இல்லை. அரசு அலுவலருக்கு உத்தரவிடக் கோரும் ரிட் மனுவில் நீதிபதி முதலில் தேடுவது, எழுத்தில் கொடுத்த கோரிக்கையையும் அதற்கு வந்த பதிலையும்தான்.

அட்டை விஷயத்தில் அவர்கள் சொன்னது ஏறக்குறைய சரி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. வீட்டில் தினமும் செலவாகும் ஸ்ட்ரிப்பும் சென்சாரும் அதற்குள் வருவதில்லை. சர்க்கரை நோய்க்கென்று ஊர் ஊராக நடக்கும் தேசியத் திட்டப் பரிசோதனையும் 30 வயதைத் தாண்டியவர்களுக்கானது. திட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது பெரியவர்களின் சர்க்கரை. உங்கள் பையன் இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் விழுந்துவிட்டான்.

சென்சார் கொடுத்தே ஆக வேண்டும் என்று பெயர் சொல்லும் சட்டம் கிடையாது. அதனால் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலிருந்து, அதாவது உயிர் வாழும் உரிமையிலிருந்து தொடங்க வேண்டும். ரயிலிலிருந்து விழுந்த ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய மேற்கு வங்க வழக்கில், பணமில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அவசர சிகிச்சை பற்றியது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2014-இல் வந்த டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு ரிக்‌ஷாக்காரரின் மகனுக்கு அரிய பரம்பரை நோய். அவனுக்கு விலையுயர்ந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க டெல்லி அரசுக்கு உத்தரவானது. நீங்கள் போக வேண்டிய சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அது கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டலாம்.

இப்போது செய்ய வேண்டியது. டாக்டர் ‘நல்லது’ என்று சொன்னது போதாது. ‘தேவை’ என்று அவர் எழுத வேண்டும், ஏன் தேவை என்பதையும் சேர்த்து. அதை அவரிடம் வாங்கித் தரப்போவது உங்கள் நோட்டு. இரவில் எழுந்து பார்க்கும் சுகர் அளவுகளைத் தேதி, நேரத்தோடு ஒரு மாதம் எழுதுங்கள். எந்தெந்த இரவு இறங்கியது, எத்தனை முறை சர்க்கரை கொடுத்து எழுப்பினீர்கள், எந்த நாளில் ஸ்ட்ரிப் இல்லாமல் பார்க்கவே முடியவில்லை என்பது உட்பட. நீதிமன்றம் வரை போனால் என் வாதத்தைவிட அந்த நாற்பது பக்க நோட்டு நன்றாகப் பேசும்.

டாக்டர் கடிதம் கையில் வந்ததும் மருத்துவமனைத் தலைமைக்கு மனு கொடுங்கள். சென்சாரை மட்டும் கேட்காதீர்கள். முதலில் ஸ்ட்ரிப், தினம் இத்தனை என்று எண்ணிக்கையோடு, அடுத்து சென்சார். ஸ்ட்ரிப்பை மறுப்பது அவர்களுக்கே சங்கடம். சென்சார் இல்லாத இடங்களில் நாளுக்கு 6 முதல் 10 முறை குத்திப் பார்க்கச் சொல்கிறது குழந்தைகள் சர்க்கரை நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல். கேரளத்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ‘மிட்டாயி’ என்ற அரசுத் திட்டம் இருப்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

நகலோடு திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். ஆட்சியரின் விருப்புரிமை நிதியையும் மாற்றுக் கோரிக்கையாக எழுதலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கணவருக்குக் கடல் வேலை இல்லை என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: குழந்தைகளுக்கென்று எத்தனை ஸ்ட்ரிப் வந்தது, உள்ளூர்க் கொள்முதல் நிதியில் வாங்கினார்களா? 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மதுரைக் கிளை. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். முதல் உத்தரவு அநேகமாக ‘மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலியுங்கள்’ என்றுதான் வரும். சோர்ந்துவிடாதீர்கள், அதற்கு அவர்கள் காரணத்தோடு பதில் எழுதியாக வேண்டும்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மீது அங்கே வழக்கு நிற்காது. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் அலைய வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோய் இல்லை.

அப்புறம் பள்ளி. முதல் வகை சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் சுகர் பார்க்கவும், ஊசி போடவும், இடையில் ஏதாவது சாப்பிடவும் வகுப்பிலேயே அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. டாக்டர் கடிதத்தின் நகலோடு தலைமை ஆசிரியரிடம் ஒரு மனு கொடுங்கள். அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.