ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாவிட்டால் போதுமா?

கேள்வி: ஐயா, என் மகள் பிளஸ் 2 முடித்திருக்கிறாள், பயாலஜி குரூப். தடய அறிவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தால் பயம் கிடையாது. ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. ஃபாரன்சிக் சயின்ஸ் இருக்கிறது, படித்து முடித்ததும் அரசு வேலை என்கிறார்கள். சொந்தக்காரர்களோ போலீஸ் வேலை எதற்கு என்று பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா?
(வாசகி, விருதுநகர்)

பதில்: அம்மா, முதலில் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இது போலீஸ் வேலை இல்லை. பிரேதப் பரிசோதனை செய்பவர் எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர், வழக்கை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர். உங்கள் மகள் ஆகப்போவது மூன்றாவது ஆள், அதாவது டாக்டர் எடுத்து அனுப்பிய குடல், ஈரல் துண்டில் விஷம் இருக்கிறதா, இருந்தால் என்ன விஷம் என்று கண்டுபிடித்து எழுதித் தரும் விஞ்ஞானி. நம் சென்னையில் 1849-லேயே அரசாங்க ரசாயனப் பரிசோதகர் என்று ஒருவரை வைத்து இந்த வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை வளர்ந்தது அந்த வேரிலிருந்துதான். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அங்கே சிதறிக் கிடந்த துணி, வயர், உடல் பாகங்களை எல்லாம் வைத்து, இது உடம்பில் கட்டிக்கொண்டு வந்த பெல்ட் குண்டு என்று நிறுவியவர் அந்தத் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். 2000-ல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள். எனவே மகளின் ஆசை சின்ன ஆசை இல்லை, தடுக்காதீர்கள்.

ஆனால் "முடித்ததும் அரசு வேலை" என்று எந்தக் கல்லூரி சொன்னாலும் நம்பாதீர்கள். அரசு வேலை என்பது காலியிடம் அறிவித்து, தேர்வு எழுதி, வாங்குவது. கல்லூரியால் அதைக் கொடுக்க முடியாது. இன்னொன்று, இதைப் பலரும் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்: ஆய்வகப் பணிகளுக்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள், அதிலும் மத்திய அரசு ஆய்வக அறிவிப்புகள் பலவற்றில் எம்.எஸ்சி. தடய அறிவியல் படித்திருந்தாலும் இளங்கலையில் வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்ற வரி இருக்கும். அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

அதனால் என்னைக் கேட்டால், ஒரு நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலோ உயிர்வேதியியலோ படிக்கட்டும், அப்புறம் எம்.எஸ்சி.க்குத் தடய அறிவியலுக்குப் போகட்டும். காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுதிப் போகலாம். இல்லை, இளங்கலையிலேயே ஃபாரன்சிக்தான் என்று அவள் பிடிவாதமாக இருந்தால், சேருமுன் கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் மைக்ராஸ்கோப் இருக்கிறதா, பாடம் எடுப்பவர்களில் ஒருவராவது உண்மையான வழக்குப் பொருளைக் கையாண்டவரா என்று கேளுங்கள். பூட்டிய அறையைக் காட்டி, சாவி நாளைக்கு வரும் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வேலைவாய்ப்பு கூடும் என்று நான் நம்புவதற்கும் காரணம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராக 5 வருட அவகாசம். உங்கள் மகள் எம்.எஸ்சி. முடிக்கும் நேரமும் அதை ஒட்டித்தான் வருகிறது.

ரத்தத்துக்குப் பயமில்லை என்றீர்கள். நல்லது. ஆனால் வேலை கேட்பது பொறுமையை. ஒருமுறை ரத்தக்கறை பட்ட சேலை ஒன்றை ஈரம் காயாமலே பாலிதீன் பையில் போட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் முழுக்கப் பூஞ்சை, டி.என்.ஏ. எடுக்க வழியில்லை. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்திருந்தால் போதும், அவ்வளவுதான் விஷயம். அந்தச் சேலைக்குரிய பெண்ணின் அம்மா ஆய்வக வாசலில் நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அந்த உலர்த்துகிற, சீல் வைக்கிற, எழுதி வைக்கிற வேலையை நாள் முழுக்கச் சலிக்காமல் செய்வாளா என்று அவளிடம் கேளுங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. கைரேகை நிபுணர் ஆக ஆசை. தடய ஆய்வகத்தில் சேர வேண்டுமா?
(வாசகர், சேலம்)

பதில்: இல்லை தம்பி, தமிழ்நாட்டில் கைரேகைப் பிரிவு காவல்துறையோடு இருக்கிறது, ஆய்வகம் தனி. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. பணிக்குத் தனியாகவே தேர்வு நடத்தியிருக்கிறது, அதற்கு அறிவியல் பட்டம்தான் கேட்டார்கள். வாரியத்தின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள், உடல்தகுதிக்காக ஓடவும் பழகிக்கொள்ளுங்கள். கைரேகையை வகை பிரித்து அடுக்கும் முறையை 1890-களில் கல்கத்தாவில் உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய எஸ்.ஐ.க்களின் உழைப்பு பெரியது, பேர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குத்தான் போனது. நீங்கள் சேரப்போகும் துறையின் முன்னோர்கள் அவர்கள், படித்து வையுங்கள்.

கேள்வி: நான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். சைபர் தடயவியலுக்கு வர இன்னொரு பட்டம் தேவையா?
(வாசகி, கோவை)

பதில்: உடனே தேவையில்லை. பிடிபட்ட ஹார்ட் டிஸ்க்கில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது, எழுதுவதைத் தடுக்கும் கருவியை நடுவில் மாட்டி நகல் எடுத்து, அசலுக்கும் நகலுக்கும் ஹாஷ் எண் (உள்ளே இருக்கும் தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) ஒன்றுதானா என்று சரிபார்த்துவிட்டு நகலில்தான் வேலை செய்ய வேண்டும். புதிய சாட்சிய சட்டத்தில் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் அந்த எண்ணையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இதை வீட்டிலேயே பழகலாம். ஆட்டோப்சி என்ற மென்பொருள் இலவசம். உங்கள் பழைய பென்டிரைவில் நாலு போட்டோவை அழித்துவிட்டு, அதன் நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். எத்தனை திரும்ப வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.