காத்தாலைக்குக் கடன் குடுக்கற கணக்குலயே உங்க படிப்புக் கடனையும் பாருங்க

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 26 வயசு, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடிச்சு மூணு வருஷமா வேலை பாக்கறேன். சோலார், விண்ட் எனர்ஜில ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் படிக்கணும்னு ஆசை, வெளிநாட்டுல ஒரு யூனிவர்சிட்டில சீட்டும் கிடைச்சிருச்சு. ஃபீஸ், தங்கற செலவு எல்லாம் சேத்தா என்னோட மூணு வருஷச் சம்பளம் ஆகுது. அதுல கால்வாசி கைல இருக்கு, எல்லாம் ஈக்விட்டி ஃபண்டுல. மீதிக்கு லோன் தான். அப்பா வீட்டை வச்சு வாங்கித் தரேங்கறார். இதான் எதிர்காலம், யோசிக்காம போன்னு எல்லாரும் சொல்றாங்க. போலாமா?

பதில்: எதிர்காலம்ங்கறதுல எனக்கு சண்டையே இல்ல. 2022ல உலகம் முழுக்க சோலார் 1 டெராவாட் (ஒரு லட்சம் கோடி வாட்) தாண்டிருச்சு, அடுத்த வருஷமே விண்டும் தாண்டிருச்சு. 2023ல புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மொத்தத்துலயும் 1.62 கோடி வேலைன்னு அந்தத் துறைக்கான சர்வதேச முகமை ஐரீனாவோட கணக்கு. ஆனா அதுல கிட்டத்தட்ட பாதி சீனாவுல மட்டும், அப்புறம் பேனல் மாட்டறவங்க, ஃபேக்டரில நிக்கறவங்க எல்லாரும் சேந்த நம்பர் அது, மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்குன்னு ஒதுக்கி வச்ச வேலை இல்ல. துறை வளரும், சரி, உங்க இஎம்ஐ அந்த வளர்ச்சிக்காகக் காத்திருக்காதே.

நான் இந்த நிதி ஆலோசனை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு பேங்க்ல காத்தாலை ப்ராஜெக்டுக்கு கடன் குடுக்கற பிரிவுல இருந்தேன். அங்க பாத்த ஒண்ணை சொல்றேன், உங்க கேள்விக்குப் பாதி பதில் அதுலயே இருக்கு. ப்ராஜெக்ட்காரங்க ஒரு ரிப்போர்ட் கொண்டு வருவாங்க, கம்பம் நட்டு ஒரு வருஷம் காத்தை அளந்து, வருஷத்துக்கு எவ்ளோ யூனிட் வரும்னு போட்டிருப்பாங்க. அதுல ரெண்டு வரிசை நம்பர் இருக்கும். பி-50ன்னா ரெண்டுல ஒரு வருஷம் இதைத் தாண்டும், ஒரு வருஷம் தாண்டாது. பி-90ன்னா பத்துல ஒம்பது தடவை இதுக்குக் கீழ போகாது. எங்க சீனியர் ஒருத்தர் ரிப்போர்ட்டைக் கைல வாங்கின உடனே ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து பி-50 வரிசை மேல வச்சு மூடிருவார். "இது அவங்க கனவு, நமக்கு இந்தப் பக்கம் தான்"னு சொல்லிட்டு பி-90ஐ மட்டும் வச்சு கணக்கு போடுவார். அந்த நம்பர்ல இருந்து வர்ற பணம் தவணையைப் போல 1.3 மடங்காவது இருக்கணும், இல்லன்னா கடனைக் குறைன்னு திருப்பி அனுப்பிருவார்.

அவரு அவ்ளோ கறாரா இருந்ததுக்கு காரணம் இருக்கு, நீங்க படிக்கப் போற முதல் செமஸ்டர்லயே அது வரும். காத்துல இருக்கற பவர் வேகத்தோட மூணாவது படில மாறும், செகண்டுக்கு 8 மீட்டர்னு நெனச்ச இடத்துல 7 தான் அடிச்சா வேகம் எட்டுல ஒரு பங்கு தான் குறைஞ்சிருக்கு, ஆனா பவர் மூணுல ஒரு பங்கு காணாம போயிருக்கும். சின்ன தப்புக்கு பெரிய அடி. சம்பளக் கணக்கும் அப்படித்தான், வாடகை, சாப்பாடு, இஎம்ஐ எல்லாம் அப்படியே நிக்கும், சம்பளம் ஒரு பங்கு குறைஞ்சா கைல மிஞ்சறது மொத்தமா காலி.

அதனால நீங்க பண்ண வேண்டிய முதல் வேலை லோன் அப்ளிகேஷன் இல்ல, உங்களோட பி-90 சம்பளத்தைக் கண்டுபிடிக்கறது. யூனிவர்சிட்டி ப்ரோஷர்ல போடற சராசரி சம்பளம் பி-50 கூட இல்ல, வேலை கிடைச்சு சந்தோஷமா பதில் அனுப்பினவங்களோட சராசரி அது. அந்தக் கோர்ஸை போன ரெண்டு மூணு வருஷத்துல முடிச்சவங்க பத்து பேரைப் புடிங்க, உங்களை மாதிரியே வெளிநாட்டுல இருந்து போனவங்களா பாருங்க. என்ன சம்பளம்னு மட்டும் கேக்காதீங்க, முடிச்சு எத்தனை மாசம் கழிச்சு முதல் சம்பளம் வந்துச்சு, வேலை இதே துறைலயான்னும் கேளுங்க. பத்து பேர்ல கடைசிக்கு முன்னாடி நிக்கறவரோட நம்பர் தான் உங்க நம்பர். அதுல கைக்கு வர்றதுல 30 சதவீதத்துக்கு மேல இஎம்ஐ போகக் கூடாது, என் கணக்கு அவ்ளோ தான். நீங்க நல்லா படிக்கறவர், மேல வருவீங்க, அது தெரியும், வந்தா சீக்கிரமா அடைச்சுட்டுப் போங்க.

கடைசிக்கு முன்னாடி ஆளோட நம்பரா, ரொம்ப பயமுறுத்தறீங்களேன்னு தோணும். ஸ்பெயின்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2008ல உலகத்துலயே அதிகமா சோலார் போட்ட நாடு அது தான், யூனிட்டுக்கு அரசாங்கம் நல்ல ரேட் குடுத்துச்சு, எல்லாரும் பாய்ஞ்சாங்க. அப்புறம் ரேட்டைக் குறைச்சு இவ்ளோ தான் போடலாம்னு வரம்பும் வச்சாங்க, 2009ல புதுசா போடறது கிட்டத்தட்ட நின்னே போச்சு. ஜெர்மனியிலயும் 2012க்கு அப்புறம் சோலார் வேலைங்க பாதிக்கு மேல கரைஞ்சுது. இத்தனைக்கும் டெக்னாலஜி தோத்துப் போகல, பேனல் விலை தான் மடமடன்னு இறங்கிட்டே இருந்துச்சு. உலக அளவுல கோடு மேல போயிட்டே இருக்கும்போதே ஒரு நாட்டுல ஒரு பாலிசி மாறினா ரெண்டு வருஷம் வேலை இல்ல. நீங்க படிப்பு முடிக்கற வருஷம் அந்த நாட்டுக்கு எந்த வருஷமோ யாருக்குத் தெரியும்.

இப்ப வட்டி. சோலாரும் விண்டும் அடிப்படையில ஒரே மாதிரி, செலவு பூரா முதல்லயே, அப்புறம் எரிபொருள் செலவு கிடையாது, அதனால அந்தக் கரண்ட் விலைய தீர்மானிக்கறதுல கடன் வட்டிக்குப் பெரிய பங்கு. படிப்பும் அச்சு அசல் அதே தான். 100 கடன் வாங்கி, ரெண்டு வருஷம் ஒண்ணும் கட்டாம விட்டு, அப்புறம் பத்து வருஷம் மாசாமாசம் கட்டறீங்கன்னு வைங்க. 10 சதவீத வட்டின்னா படிப்பு முடியறப்பவே அது 121 ஆயிரும், மொத்தமா கட்டி முடிக்கறப்ப 192. அதே 6 சதவீதம்னா 150 தான். கோர்ஸ் அதே, வாத்தியார் அதே, டிகிரி அதே. அதனால ரேங்கிங்ல நாலு இடம் மேல இருக்கற யூனிவர்சிட்டியத் தேடறதுக்கு செலவு பண்ற நேரத்தை ரெண்டு சதவீதம் கம்மியா யார் குடுப்பாங்கன்னு தேடறதுக்கு செலவு பண்ணுங்க. படிக்கறப்ப வட்டிய மட்டுமாவது கட்டிட்டு வந்தா அந்த 21 ஏறவே ஏறாது. ஆமா, இன்னொண்ணு, உங்க மூணு வருஷச் சம்பளக் கணக்குல நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க, வேலைய விட்டுட்டுப் போறதால போற ரெண்டு வருஷச் சம்பளம். உண்மையான செலவு மூணு இல்ல, அஞ்சு வருஷத்துக்குக் கிட்ட. தங்கற செலவு இங்கயும் ஆகும்ங்கறதால கொஞ்சம் கழிச்சுக்கலாம்.

என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்கங்கறதும் பணக் கேள்வி தான், இதை யாரும் நிதி ஆலோசகர்கிட்ட கேக்கறதில்ல. 1954ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல செஞ்ச சிலிக்கான் செல் வெயில்ல 6 சதவீதத்தைத் தான் கரண்டா மாத்துச்சு, இப்ப கடைல வாங்கற பேனலே 20ஐத் தாண்டுது, ஒரே அடுக்கு செல்லுக்கு உச்சவரம்பு சுமார் 30ன்னு 1961லயே ஷாக்லி, குவைஸர்னு ரெண்டு விஞ்ஞானிங்க கணக்குப் போட்டு வச்சுட்டாங்க, இப்பத்திய கணக்குல அது சுமார் 33. மீதி இருக்கற இடைவெளில வேலை பாக்கறது அருமையான ஃபிசிக்ஸ், ஆனா அதுக்கு பெரும்பாலும் பிஎச்டி வரைக்கும் போகணும், பேனல் தயாரிப்புல 80 சதவீதத்துக்கு மேல சீனாவுல. கடன் இல்லாம போறவருக்கு அது ஓகே. நீங்க ஏற்கனவே எலக்ட்ரிக்கல், உங்களுக்கு பவர் எலக்ட்ரானிக்ஸ், கிரிட் இன்டெக்ரேஷன் (இந்தக் கரண்டை மின்கட்டத்தோட சேக்கறது), ப்ரொடெக்‌ஷன் இந்தப் பக்கம் தான் என் ஓட்டு. சோலார் ஒரு நாட்டுல படுத்தாலும் இன்வெர்ட்டர் தெரிஞ்சவனுக்கு பேட்டரி இருக்கு, எலக்ட்ரிக் கார் இருக்கு, கிரிட் கம்பெனி இருக்கு. சிலபஸ்ல விண்ட் கணக்குக்கு வாஸ்ப், சோலாருக்கு பிவிசிஸ்ட் மாதிரி சாஃப்ட்வேரை நிஜ டேட்டாவோட ஓட்ட வைக்கறாங்களான்னு பாருங்க, முதல் வேலைல உக்கார வைக்கறது பெரும்பாலும் அதுல தான்.

சீட் கிடைச்சிருச்சுங்கற சந்தோஷத்துல மத்த கதவைத் தட்டாம விட்டுட்டீங்களோன்னு எனக்கு சந்தேகம். டென்மார்க், நெதர்லாந்தோட டெல்ஃப்ட், நார்வே, ஜெர்மனியோட ஓல்டன்பர்க் யூனிவர்சிட்டிங்க சேந்து விண்ட் எனர்ஜிக்குன்னே ஒரு எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய யூனியன் உதவி பண்ற கூட்டுப் படிப்பு) மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சு நடத்தினாங்க, அந்த மாதிரி படிப்புக்கு எராஸ்மஸ் ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸும் இல்ல, மாசச் செலவுக்கும் பணம். ஓல்டன்பர்க்ல புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மாஸ்டர்ஸ் 1987ல இருந்தே இருக்கு, அந்த டிகிரிக்கு பேர் இருக்கு. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கற ஜெர்மனியோட டாட் (DAAD) அமைப்பு வளரும் நாட்டுக்காரங்களுக்குக் குடுக்கற ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம் இருந்தே ஆகணும்னு விதி, நேரா காலேஜ் முடிச்சவங்க அதுக்குப் போட்டிக்கே வர முடியாது, உங்க மூணு வருஷம் அங்க தான் காசாகும். சலுகைங்க நிரந்தரம்னும் நெனைக்காதீங்க, நார்வே அரசு யூனிவர்சிட்டிங்க ரொம்ப காலம் எல்லாருக்கும் ஃப்ரீ, 2023ல இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு ஃபீஸ் போட்டுட்டாங்க. இப்ப கிடைச்ச சீட்டை ஒரு வருஷம் தள்ளி வைக்க முடியுமான்னு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, நிறைய இடத்துல விடுவாங்க. ஒரு வருஷம் அப்ளை பண்ணிப் பாத்து ஒண்ணும் வரலன்னா இருக்கவே இருக்கு இது.

அப்பா வீடு. வேணாம். காத்தாலை கட்டறவங்க அந்த ப்ராஜெக்டுக்குன்னு தனிக் கம்பெனி ஆரம்பிச்சு அதுக்குத் தான் கடன் வாங்குவாங்க, ப்ராஜெக்ட் படுத்தா பேங்க் பெரும்பாலும் காத்தாலையத் தான் எடுக்க முடியும், முதலாளி வீட்டுல போய் கை வைக்க முடியாது. கோடிக்கணக்குல புழங்கறவங்களே அப்படி வேலி போட்டுக்கறப்ப நீங்க எதுக்கு அப்பா தலைக்கு மேல இருக்கற கூரையக் கொண்டு போய் நடுவுல வைக்கறீங்க? வீட்டு மேல வாங்கினா வட்டி கம்மியா வரும், அது உண்மை தான், நானே மேல வட்டி வட்டின்னு அடிச்சுக்கிட்டேன். ஆனா அந்த ரெண்டு சதவீதம் உங்க ரிஸ்கைக் குறைச்சதுக்கு வர்றதில்ல, அதை அப்பாவுக்கு மாத்தி விட்டதுக்கு வர்றது. வீடு இல்லாம கிடைக்கற கடனுக்குள்ள இந்தக் கோர்ஸ் அடங்கலன்னா இந்தக் கோர்ஸ் இப்போதைக்கு உங்களுக்கு பெருசு.

அந்த ஃபண்டுல இருக்கற பணம், போறதுன்னு முடிவு பண்ணின அன்னிக்கே வெளிய எடுத்துருங்க, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு காத்திருக்காதீங்க, ஆறு மாசத்துல ஃபீஸா போகப் போற பணத்துக்கு ஈக்விட்டில வேலை இல்ல. எல்லாத்தையும் ஃபீஸ்லயே கொட்டிடவும் கூடாது. ப்ராஜெக்ட் கடன்ல தவணைக்குன்னு ஒரு தனிக் கணக்குல ஆறு மாசப் பணத்தை முடக்கி வைக்கச் சொல்லுவோம், காத்து அடிக்காத சீசன்ல அது தான் கட்டும். நீங்களும் ஆறு மாச இஎம்ஐயை டெபாசிட்டா ஒதுக்கி வச்சுட்டு மீதிய ஃபீஸுக்கு எடுங்க, கடன் அந்த அளவுக்குக் கூடுனாலும் பரவால்ல. அந்தப் பத்து பேர்கிட்ட பேசிட்டு கடைசிக்கு முன்னாடி ஆளோட நம்பரை எனக்கு எழுதுங்க, எவ்ளோ கடன் தாங்கும்னு போட்டுப் பாக்கலாம்.