ஒரு படிவமும் ஓர் அடிமட்டமும்

வணக்கம் அக்கா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. ஒரு வருடமாக நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் பதினொரு பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பெடுக்கிறோம். எல்லோரும் உயர்தரம் வணிகப் பிரிவு. கூலி வேலை, கடை வேலை செய்பவர்களின் பிள்ளைகள். மூன்று பேர் நன்றாகப் படிப்பார்கள். ஆனால் ஒருவருக்கும் இலட்சியம் என்று ஒன்று இல்லை. சாதித்தவர்களின் பேச்சுகளை வீடியோவில் காட்டினோம். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலால் தமிழர்கள் நாம் இழந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அதுவும் ஏறவில்லை. இவர்களை ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றிவிட்டால் நல்லதா? எப்படி ஊக்கப்படுத்துவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது என் மடியில் அண்ணாவின் பழைய பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தின் பென்சில் பிரதி கிடந்தது. அம்மாவின் பெட்டியை ஒதுக்கும்போது கிடைத்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளை முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எத்தனையோ பேர் ஒரு மாதத்தில் களைத்துப்போன வேலை இது. உங்களுக்கும் உங்கள் நண்பர்களுக்கும் என் அன்பு.

ஆனால் ‘இலட்சியம் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிற பையன் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான், தம்பி. பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, இடம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் வாசலை மிதிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டில் சும்மா இருக்க முடியுமா? புறக்கோட்டைக் கடையில் நின்றால் மாதம் எவ்வளவு வரும்? தங்கச்சியின் ரியூஷன் காசை யார் கட்டுவது? இந்தக் கணக்குக்கு எந்த வீடியோவிலும் விடை கிடையாது. வீடியோவை இனிமேல் போடாதீர்கள்.

தரப்படுத்தலும் வேண்டாம். எழுபதுகளில் பட்ட காயம் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2007இலோ 2008இலோ பிறந்த பிள்ளைக்கு உங்கள் தாத்தா காலத்துத் தோல்வியைச் சொல்லி என்ன பயன்? அவன் தெரிந்துகொள்ள வேண்டியது இன்றைய முறையை. பெரும்பாலான பாடநெறிகளின் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, மீதி 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, யாழ்ப்பாணம் இருக்கிறது. கொழும்பு இல்லை. ஜிந்துப்பிட்டியில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பில் ஒரே அறையில் ஆறு பேரோடு படிக்கிற பிள்ளையும், கொழும்பு 7இல் தனி அறையும் பாடத்துக்கு ஓர் ஆசிரியருமாகப் படிக்கிற பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில்தான் நிற்கிறார்கள். கொழும்புக்குள் இருக்கிற வறுமைக்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது. அதனால்தான் உங்கள் பிள்ளைகள் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்கிறேன்.

அண்ணா 1981இல் உயர்தரம் எழுதினான். அப்போது நாலு பாடம், மொத்தப் புள்ளிதான் கணக்கு. அப்பா நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. வீட்டில் யாருக்கும் அந்தப் படிவத்தை வாசிக்கத் தெரியாது. விருப்பத் தெரிவுகள் என்று வரிசையாகக் கட்டங்கள். அண்ணா முதல் கட்டத்தில் கொழும்பு என்று எழுதினான். மற்றதெல்லாம் வெறுமை. பென்சில் பிரதியிலும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது கட்டத்தில் ஏதோ எழுதி அழித்த தடம் மட்டும் தெரிகிறது. தூர இடத்தை எழுதினால் அங்கேதான் அனுப்பிவிடுவார்கள், வீட்டை யார் பார்ப்பது என்று அவனுக்குப் பயம். படிவத்தை வாங்கிய ஆசிரியர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உறையில் போட்டார். “ஏனடா மற்றதையெல்லாம் விட்டாய்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கொழும்புக்குச் சில புள்ளிகள் போதவில்லை. அவனைவிடக் குறைந்த புள்ளி எடுத்த வகுப்புத் தோழன் பேராதனைக்குப் போனான். அண்ணா அப்பா மூட்டை தூக்கிய அதே தெருவில் 31 வருடம் கணக்கெழுதினான். அதைப் பற்றி அவன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

நாலு வருடம் கழித்து என் முறை. எங்கள் தோட்டத்தில் வாடகைக்கு இருந்த ஒரு தபால் கந்தோர் அக்கா படிவத்தை வாங்கிப் பாயில் விரித்தார். வரிக்கு மேல் கோடு போடும் அடிமட்டத்தை வைத்துச் சத்தமாக வாசித்தார். நான் ஒரு கட்டத்தைத் தாண்டினால் அடிமட்டம் அங்கேயே நிற்கும். “இதை ஏன் விட்டாய்?” அம்மா விடமாட்டா என்றேன். “அம்மாவோடு நான் கதைக்கிறேன், எழுது.” காசில்லை என்றேன். மகாபொல என்று ஓர் உதவிப்பணம் இருக்கிறது, விடுதி இருக்கிறது என்றார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். அப்புறம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பேராதனைக்குப் போனேன்.

பெறுபேறு வந்தபிறகு நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். இப்போது கைநூல் இருக்கிறது, ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து யூனிகோட் என்று ஒரு தனிக் குறியீடு இருக்கிறது, விண்ணப்பம் இணையத்தில் இருக்கிறது. ஆனால் பிள்ளை மாறவில்லை. “எனக்கு இது எங்கே கிடைக்கப்போகிறது” என்று தானே தன்னை வெட்டிவிடுகிறான். அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்: வரிசை ஆசைப்படி இருக்க வேண்டும், பயத்தின்படி அல்ல. எட்டாத ஒன்றை முதலில் போட்டால் கீழே உள்ளது கைநழுவாது. இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணக்கிடும் புள்ளி) முதலாவதுக்குப் போதாவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது என்று பார்த்துக்கொண்டே போவார்கள். தலைகீழாகப் போட்டால்தான் ஆபத்து. கிடைக்கும் என்று நினைத்ததை மேலே வைத்தால் அதுவே கிடைத்துவிடும், கீழே கிடக்கிற ஆசைக்குப் போதுமான புள்ளி இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பதிந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. ஒரு தடவை சொன்னால் போதாது, தம்பி. தலையாட்டுவார்கள், அப்புறம் தனியாக இருக்கும்போது மாற்றிவிடுவார்கள். பக்கத்தில் இருங்கள்.

போன வருட வெட்டுப்புள்ளி அட்டவணையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கொழும்பு மாவட்ட நிரலில் அடிமட்டத்தை வைத்துக் கீழே இறங்குங்கள். வணிகம் படித்தால் முகாமைத்துவம் ஒன்றுதான் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பிரிவுப் பிள்ளையும் சட்டம் கேட்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, திருகோணமலையில் வளாகம் இருக்கிறது, ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண் பிள்ளைகளின் வீட்டில் இந்தப் பெயர்களைச் சொன்னாலே முகம் மாறும். பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே அந்த அம்மாக்களோடு பேசத் தொடங்குங்கள். நீங்கள் மூன்று பேரும் ஆண்கள் என்றால் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிடைக்காமல் போகிறவர்களையும் கைவிடாதீர்கள். மூன்று தடவை எழுதலாம். நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. மட்டக்குளியில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது, வாசலால் தினமும் போகிற பிள்ளைக்கே அது என்னவென்று தெரியாது.

மொழிமூலம் கேட்டீர்கள். நடுவழியில் மாற்றாதீர்கள். எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அதில் எழுதட்டும். ஆங்கிலத்தை நீங்கள் தனியாக, கம்பஸுக்குப் போகமுன் உள்ள அந்த ஒரு வருடத்தில் சொல்லிக்கொடுங்கள். அப்போது அவர்கள் கடையில் நிற்பார்கள், இரவு எட்டு மணிக்குத்தான் வருவார்கள். வகுப்பை அந்த நேரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

நன்றாகப் படிக்கிற மூன்று பேரைப் பற்றி எழுதினீர்கள். மற்ற எட்டுப் பேரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெறுபேறு வந்த அன்றைக்கே எனக்கு ஒரு வரி போடுங்கள். நானும் வருகிறேன். தபால் கந்தோர் அக்கா விட்டுப்போன அடிமட்டம் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா