கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பழைய களஞ்சியங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்தின் படத்தைப் பார்த்தேன். இரண்டு வரிசைத் தூண்கள், நடுவே உயர்ந்த கூடம். தேவாலயமாக இருந்ததைப் பின்னால் களஞ்சியமாக்கிவிட்டார்களா? குடியானவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குக் கொடுத்த தசமபாகத் தானியத்துக்கா இவ்வளவு பெரிய கட்டடம்? ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் என் மகள் அடுத்த மாதம் அங்கே போகிறாள். அவள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது ஒருநாளும் தேவாலயமாக இருந்ததில்லை. விளைச்சலை வைப்பதற்கென்றே 1292ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. உத்தரங்களின் மர வளையங்களை எண்ணிக் கணித்த காலம் இது.

தசமபாகக் களஞ்சியம் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் இங்கே வந்து சேர்ந்தது பெரும்பாலும் மடத்தின் சொந்த நிலத்து விளைச்சல். 1204இல் ஜான் மன்னர் நிறுவிய பியூலி மடத்துக்கு, காக்ஸ்வெல்லை அடுத்த ஃபாரிங்டன் வட்டாரத்தில் நிலங்கள் இருந்தன. மடமோ தெற்கே, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி. அது சிஸ்டர்சியன் என்னும் கிறிஸ்தவத் துறவியர் சபையின் மடம். அந்தத் துறவிகள் தொலைவில் இருந்த நிலங்களில் பண்ணைகள் அமைத்து, மடத்தைச் சேர்ந்த உழைப்பாளிச் சகோதரர்களையும் கூலியாட்களையும் கொண்டு பயிர் செய்தார்கள். பியூலி மடத்தின் 1269–70ஆம் ஆண்டுக் கணக்கேடு இன்றும் இருக்கிறது. பண்ணை பண்ணையாக வரவும் செலவும் எழுதிவைத்த நிர்வாகம் அது.

அளவைப் பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. நீளம் 152 அடி, அகலம் 44 அடி, உயரம் 48 அடி. நம் ஊரில் அறுவடை முடிந்த கையோடு களத்தில் அடித்துத் தூற்றி நெல்லாக வீட்டுக்குக் கொண்டுவருவோம். அந்த மழை நாட்டில் அது நடக்காது. அறுத்த கோதுமையையும் பார்லியையும் கதிரும் தாளுமாகக் கட்டி உள்ளே கூரைவரை அடுக்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எதிரெதிர் வாசல்களுக்கு நடுவே இருக்கும் தரையில் தடியால் அடிப்பார்கள். வாசல்களைத் திறந்துவிட்டால் குறுக்கே வீசும் காற்றில் பதர் பறந்துவிடும். தானியத்தை மட்டும் வைப்பதென்றால் இதில் ஒரு மூலையே போதும். வைக்கோலுக்குத்தான் அத்தனை இடம்.

தேவாலயச் சாயல் எங்கிருந்து வந்தது? 44 அடியை ஒரே உத்தரத்தால் தாண்டி, அதன்மேல் கற்பலகைக் கூரையின் பாரத்தை ஏற்றுவது நடவாத காரியம். ஆகவே உள்ளே வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை ஓக் தூண்களை நிறுத்தினார்கள். நடுக்கூடம் உயர்ந்தது, பக்கக்கூடங்கள் தாழ்ந்தன. தேவாலயம் கட்டியவர்களும் அகலமான கூரைக்கு இதே வழியைத்தான் கையாண்டார்கள். தச்சர்களின் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றே. பக்தி அந்த வடிவத்தைத் தந்தது என்று எழுதுகிறவர்கள் தச்சர்களுக்கு உரிய பெருமையைப் பறிக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் மகள் முதலில் தூண்களின் அடியைப் பார்க்கட்டும். ஒவ்வொரு தூணும் ஏறக்குறைய ஏழடி உயரக் கற்பீடத்தின் மேல் நிற்கிறது. ஈரம் மரத்தில் ஏறாது, வண்டிச் சக்கரம் இடிக்காது, அவ்வளவு நெடிய மரமும் தேவைப்படாது. ஒரு பீடத்தால் மூன்று காரியம். பிறகு அண்ணாந்து பார்த்தால், தூண்களின் தலையிலிருந்து நாற்புறமும் கிளைக்கும் சாய்சட்டங்கள் தெரியும். தூண் இல்லாத இடைவெளிகளில் சுவரிலிருந்தே வளைந்து எழும் மரங்கள் கூரையைத் தாங்குகின்றன. வெளியே வந்ததும் கூரையைக் கவனிக்கச் சொல்லுங்கள்: கீழ்விளிம்பில் பெரிய கற்பலகைகள், மேலே போகப் போகச் சிறியவை. கட்டடத்தின் இரு முனைகளிலும் உள்ள பெரிய கதவுகள் பிற்காலத்தில் அமைத்தவை. பழைய வாசல்கள் நீண்ட பக்கச் சுவர்களில் இருக்கின்றன.

1538இல் எட்டாம் ஹென்றி பியூலி மடத்தைக் கலைத்தபோது அங்கிருந்த பெரிய தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். துறவிகளின் உணவுக்கூடம் ஊர்த் தேவாலயமாகி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. நீங்கள் நினைத்த மாதிரியான மாற்றம் அங்கேதான் நடந்தது, அதுவும் தலைகீழாக. காக்ஸ்வெல் களஞ்சியத்தை அப்போது யாரும் இடிக்கவில்லை. நிலம் யார் கைக்குப் போனாலும் விளைச்சலை வைக்க இடம் வேண்டுமல்லவா?

அருகே கெல்ம்ஸ்காட்டில் வாழ்ந்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இதைப் பேராலயத்துக்கு இணையாக மதித்தார். 1956 முதல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரித்துவருகிறது. உள்ளே மின்விளக்கை நம்ப வேண்டாம். வெயில் இருக்கும் நண்பகலில் போகச் சொல்லுங்கள்.