நீலக் கிண்ணத்தின் மெருகு எங்கிருந்து வந்தது?

கேள்வி: நியூயார்க்கில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்ட எகிப்தியக் கிண்ணம் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தான். அல்லி மலர் வடிவில், நீல நிறத்தில் இருக்கும் அது ஃபயான்ஸால் ஆனதாம், களிமண் அன்றாம். தோட்டத்தில் நாங்கள் தேநீர் குடித்த எனாமல் மங்கைப் போல மேலே பூசிச் சுட்டார்களா? அதில் உண்மையாகவே எதையும் அருந்தினார்களா? அதன் மாதிரியை வாங்கி வரவா என்றும் கேட்கிறான்.
(ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: மகன் எழுதியது சரிதான், அம்மா. ஃபயான்ஸ் என்பது பெரும்பாலும் இடித்துத் தூளாக்கிய குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் அல்லது மணல். அதனுடன் சிறிது சுண்ணாம்பையும், நேட்ரான் என்னும் இயற்கைச் சோடா உப்பையோ செடிகளை எரித்த சாம்பலையோ, நிறத்திற்குச் செம்புச் சேர்மத்தையும் கலந்து நீர்விட்டுப் பிசைந்தார்கள். எனாமல் மங்கில் இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசிச் சுடுகிறார்கள். வெளியிலிருந்து பூசும் முறையை எகிப்தியரும் அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய மற்றொரு முறையில் பூச்சே தேவைப்படவில்லை. பிசைந்து வடித்த பொருள் உலரும்போது, உள்ளே கரைந்திருந்த உப்பு நீரோடு மேற்பரப்புக்கு வந்து, பழைய லயத்துச் சுவரில் உவர் பூப்பதைப் போலப் படலமாகப் படியும். ஏறத்தாழ 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான சூளை வெப்பத்தில் அப்படலம் குவார்ட்ஸோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும். செம்பு அதற்கு நீலத்தையோ நீலப்பச்சையையோ தரும். எந்தப் பக்கம் தரையில் பட்டு உலர்ந்ததோ அங்கே உப்பு வெளிவர வழியில்லாததால் மெருகு மெலிந்திருக்கும். ஆகவே கிண்ணத்தின் அடிப்பகுதிக்குப் படம் கிடைத்தால், முகப்பைவிட அதையே உற்றுப் பாருங்கள்.

இந்தக் கலவை களிமண்ணைப் போலக் கைக்கு அடங்காது. முதலில் விறைத்து நின்று, அழுத்த அழுத்தத் தளர்ந்து சரிந்துவிடும். அதிலே மெல்லிய இதழ்களையும், நீர்ப்பறவைகள் உலவும் பாப்பிரஸ் என்னும் கோரைப் புதர்களையும் புடைப்பாக வடித்தவர்களை, அவற்றைப் பயன்படுத்திய செல்வர்களைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். டர்காய்ஸ் என்னும் நீலப்பச்சை மணிக்கல்லுக்கு மலிவான மாற்று என்று ஃபயான்ஸை ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்கு அடியிலுள்ள அறைகளில், 4,600 ஆண்டுகளுக்கு முன்பே, சுவர்களில் நீலப்பச்சை ஃபயான்ஸ் ஓடுகளை ஆயிரக்கணக்கில் பதித்தார்கள். மன்னனின் கல்லறைக்கு மட்டமான பொருளை யார் தேர்ந்தெடுப்பார்?

அருந்தியதைப் பொறுத்தவரை, அகன்ற வெள்ளை அல்லி வடிவக் கிண்ணங்கள் குடிப்பதற்கும், ஒடுங்கிய நீல அல்லி வடிவக் கிண்ணங்கள் சடங்குகளுக்கும் பயன்பட்டன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மாதிரியைத் தாராளமாக வாங்கி வரச் சொல்லுங்கள். ஆனால் இத்தகைய மாதிரிகள் பல செயற்கைப் பிசினில் வார்க்கப்படுபவை. உணவுக்கு ஏற்றது என்ற குறிப்பு இல்லையென்றால் அதை அலமாரியில் மட்டும் வையுங்கள்.