மோட்டார் என்று சொன்னேன்

அன்புள்ள ஐயா,

நான் பாம்பன் சின்னப்பாலம். ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு அரியர் இருக்கிறது. அடுத்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கிவிடும். வகுப்பில் பாதிப் பேர் கோடிங் படிக்கிறார்கள். மதுரையில் ஒரு சென்டரில் ஆறு மாத கோர்ஸ், 45,000 ரூபாய், வேலை உறுதி என்கிறார்கள். தான் எடுக்கும் கடல்பாசியை வாங்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித் தருகிறேன் என்று அம்மா சொல்கிறார்கள். மாமா எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதச் சொல்கிறார். அப்பாவுக்கு அரசு வேலைதான் வேலை. கல்லூரியில் ஐந்தாண்டுத் திட்டம் எழுதி வரச் சொன்னார்கள். இரண்டு வாரமாக வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரியில் வைத்த மாதிரி நேர்காணலில் 'அம்மா என்ன செய்கிறார்கள்?' என்று கேட்டார்கள். 'ஹவுஸ் வைஃப்' என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து மனது சரியில்லை. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? கோர்ஸில் சேரலாமா?

பெயர் வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள மகளுக்கு,

எனக்கு வரும் கடிதங்களுக்கு மாதக்கணக்கில் பதில் போடாமல் இருப்பவன் நான். உன் கடிதத்துக்கு மறுநாளே உட்கார்ந்துவிட்டேன். பாம்பன் என்ற பெயர் ஒரு காரணம். போன வாரம் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகும்போது புதுப் பாலத்தின் தூக்கு கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். பழைய அவமானம் ஒன்று ஞாபகம் வந்து, அன்று முழுக்க மனதில் கிடந்தது. அதற்குள் உன் கடிதம்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். அரியரை அடுத்த பரிட்சையிலேயே எழுதித் தொலை. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல, அரியர் இருந்தால் உன் ரெஸ்யூமைத் திறந்துகூடப் பார்க்காது. நியாயமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் கதவு அங்கேதான் இருக்கிறது. மாமா சொல்வதில் தப்பில்லை. மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம். பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் 3 ஆண்டு செல்லும், 100-க்கு 15 மதிப்பெண் பொதுத் திறனறிவுக்கே போகிறது. எழுதிப் பார். அப்பா சொல்லும் அரசுத் தேர்வுக்கும் அதே பாடங்களைத்தான் திரும்பப் படிக்க வேண்டும், ஆகவே அப்பாவோடு சண்டை வேண்டாம். படிப்பு முடித்ததும் ஓராண்டு அப்ரண்டிஸாகப் போகிற வழி ஒன்றும் உண்டு. உதவித்தொகை தருவார்கள். அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐந்தாண்டுத் திட்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிடு, யாரும் வாசிக்கப் போவதில்லை. தீவிலிருந்து எனக்கு எழுதும் பிள்ளைகள் எல்லோரும் கலாம் பெயரில்தான் ஆரம்பிப்பார்கள். நீ ஆரம்பிக்கவில்லை, அதற்கு ஒரு நன்றி. ஆனால் இந்த இடத்தில் நானே அவரை இழுக்க வேண்டியிருக்கிறது. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். எட்டு இடம், அவர் ஒன்பதாவது. அவர் போட்டு வைத்திருந்த திட்டம் அன்றோடு சரி.

இனி என் கதை. 1991 என்று நினைக்கிறேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, மாமா தைத்துக் கொடுத்த தொளதொள பேன்ட்டோடு சென்னையில் ஒரு தொழிற்சாலைக்கு நேர்காணலுக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எல்லாம் ரயிலில் வரும்போதே மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். நடுவில் இருந்த வயதானவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "பாம்பனா!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் மலர்ந்தது, வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"உங்க ஊர்த் தூக்குப்பாலம் எப்படித் திறக்குது, சொல்லுங்க" என்றார்.

"மோட்டார் சார்."

"எத்தனை குதிரைத்திறன்?"

வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. ஃபைலை மூடிவிட்டு, "தம்பி, போன வருஷம் நான் அங்க வந்திருந்தேன். ஆளுங்க கையால திருப்பித்தான் திறக்கிறாங்க" என்றார்.

அந்தப் பாலம் திறப்பதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். கப்பல் வருகிறது என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடுவோம். அங்கே வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். அவர்கள் கைகள் எப்படிக் காய்த்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய இரும்பை நாலு மனிதர்கள் திருப்பினால் எப்படி எழும்புகிறது என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. பி.இ. படித்த நான்கு வருடத்திலும் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பி, வெட்கத்தோடு போய்ப் பார்த்தேன். 1914-ல் திறந்த பாலம். நடுவில் இருக்கும் தூக்குப் பகுதி, சிகாகோக்காரர் வில்லியம் ஷெர்சர் கண்டுபிடித்த முறை. இரண்டு இலைகள். ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் கதவுக்கீல் மாதிரி ஓர் அச்சில் சுழலாது. ஆடும் நாற்காலியின் கால்போல வளைந்திருக்கும், அந்த வளைவில் பின்பக்கமாக உருளும். உருளும்போதே நுனி மேலே போகும், மொத்தமும் வழியை விட்டுப் பின்வாங்கும். பின்பக்கத்தில் எதிர்ப்பாரம். முன்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான டன்னை அது சமன் செய்துவிடுவதால், மனிதன் தூக்க வேண்டியது பாலத்தின் எடையை அல்ல. உராய்வையும் காற்றையும் வென்றால் போதும், அதையும் பல்சக்கரங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். நம் தாத்தாமார் ஏற்றம் இறைத்த அதே கணக்கு. தோட்டத்துக் கிணற்றில் கிடந்தது, பாலத்தில் கிடந்தது, நான் மட்டும் அதைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதியது 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி, அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது. இப்போது மோட்டார்தான். நான் அன்றைக்குச் சொன்ன பதில் முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்துச் சரியாகியிருக்கிறது! மோட்டார் என்றால் அது உன் பாடம், மகளே. என் பாடம் அல்ல. உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நிற்கிறது. மோட்டார் இருந்தும் எதிர்ப்பாரம் எதற்கு? பாதியில் கரன்ட் போனால் என்ன ஆகும்? இரண்டு கோபுரமும் ஒரே வேகத்தில் தூக்காவிட்டால்? காற்று ஓர் அளவைத் தாண்டினால் ரயிலை நிறுத்துவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்றை அளந்து சிக்னலுக்குச் சொல்வது எது? இதில் ஒரு கேள்வியாவது உனக்கு வந்திருக்கிறதா?

பாலம் பெரிய விஷயம் என்றால் உன் வீட்டு மீட்டர் பெட்டியைப் பார். எத்தனை வருடத்தில் இற்றுப் போகிறது? செம்புக் கம்பியில் களிம்பு ஏறுவது தெற்குவாடிப் பக்கம் அதிகமா, வடகடல் ஓரம் அதிகமா? எர்த் கம்பியின் கதி என்ன? உப்புக்காற்றில் மின்சாரம் என்ன பாடுபடுகிறது என்று சென்னைப் பிள்ளை படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீ எட்டிப் பார்த்தால் போதும். ஒரு மாதம் பார். வரைந்து வை. தமிழில் இரண்டு பக்கம் எழுது, அப்புறம் அதையே ஆங்கிலத்தில், பிழையோடு என்றாலும் பரவாயில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஐந்து நிமிடம் சொல்லிப் பழகு. 'உங்கள் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கும்போது, கடையில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட்டைப் பற்றி விழிக்கிற வரிசையில் நீ நிற்க வேண்டியதில்லை.

சரி, அம்மா விஷயம். இங்கேதான் உன்னைத் திட்ட வேண்டும்.

ஹவுஸ் வைஃபா? ஏம்மா, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுக்கக் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் உங்கள் ஊர்ப் பெண்கள். எப்போது நீர் வற்றும், எந்தப் பாரில் மரிக்கொழுந்துப் பாசி, எங்கே கட்டக்கோரைப் பாசி, எதை விட்டுவைத்தால் மறுபடி தழைக்கும் என்று கணக்குப் போட்டு இறங்குகிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பாறை கீறிய கையோடு. அந்த மரிக்கொழுந்திலிருந்து எடுக்கிற அகர் என்ற கூழ் ஆய்வுக்கூடத் தட்டுகளில் கிருமி வளர்க்கப் பயன்படுகிறது. உன் எதிரே டை கட்டி உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீ சொல்லியிருந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருப்பார். சொல்லாததற்குக் காரணம் அவர் இல்லை, நீ. நானும் என் தெருக்காரர்கள் இரண்டு பேரை மறந்துவிட்டு மோட்டார் என்றவன்தான். அந்த உரிமையில் திட்டுகிறேன்.

அழாதே. இருபது வயதில் எல்லோரும் ஏதாவது ஒன்றை மறைத்துத்தான் நாற்காலியில் உட்காருகிறோம்.

கோர்ஸில் சேரலாமா என்று கேட்டிருந்தாய், மறந்தே போனேன். சேராதே. வேலை உறுதி என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல், பேச்சு அங்கேயே மாறும். கோடிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் கல்லூரியிலேயே அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் காசில்லாமல் படிக்கலாம், என்பிடெல் (NPTEL) இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்துவது இலவசமாகவே கிடக்கிறது. பாசி வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் எப்படிக் கழியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அவர் வைத்ததுதான் விலை, அவர் போட்டதுதான் எடை. 45,000 ரூபாய்க்கு அம்மா எத்தனை அமாவாசை இறங்க வேண்டியிருக்கும் என்று இன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடு.

அரியர் எந்தப் பாடம் என்று நீ எழுதவில்லை. எலெக்ட்ரிகல் மெஷின்ஸாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.