வாங்கனுயி ஆற்றில் வழிகாட்டியுடன் கனூ பயணம்: 3 நாளா, 5 நாளா?

நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றில் கனூவில், அதாவது துடுப்பு போடும் சிறு படகில், இரண்டுமே செய்யலாம். டாமருனுயி ஊரில் தொடங்கி பிப்பிரிக்கி வரை சுமார் 145 கிலோமீட்டர், 5 நாள். வக்காஹோரோவில் ஏறினால் 87 கிலோமீட்டர், 3 நாள். முதல்முறை என்றால் 3 நாளே போதும். ஆழமான பள்ளத்தாக்கும் காடும் அந்தப் பகுதியில்தான்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சீசன். கூடாரம் அடிக்கும் இடத்தைக்கூட முன்பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டி நிறுவனமே அதைச் செய்கிறதா, சாப்பாடு, கூடாரம், திரும்பி வர வண்டி எல்லாம் கட்டணத்தில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். மழையால் ஆறு பெருகினால் பயணம் நின்றுபோகும். அப்போது பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஊர் திரும்பும் விமானத்தை மறுநாளே போடாதீர்கள்.

துணி, தூக்கப்பை எல்லாம் தண்ணீர் புகாத டிரம்மில் போகும், அதனால் சூட்கேஸ் வேண்டாம். கடைசி நாளில்தான் வேகமான நீரோட்டங்கள் வரும். கனூ கவிழ்வது அங்கே சகஜம். எனவே நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஜீன்ஸ் நனைந்தால் காயாது, கம்பளி உடை எடுங்கள்.

அப்புறம், 1936இல் கட்டிய 'எங்கும் போகாத பாலம்' வழியில் இருக்கிறது. கரையிலிருந்து சுமார் 40 நிமிட நடை. அவசரப்படுத்தும் வழிகாட்டி அதைத் தவிர்க்கப் பார்த்தால் விடாதீர்கள்.